ஈரக் கோலமும் வேனின் கைப்பிடியும்

மாமியாருக்கு ஷாக் அடித்ததைப் பார்த்து மருமகன் சந்தோஷப்பட்டான் என்று எழுதினால் படிக்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று தெரியும். இருந்தாலும் நடந்தது அதுதான். விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு பங்குனி விடிகாலையில், அத்தை வேனின் கைப்பிடியைத் தொட்டுவிட்டு, அடுப்பிலிருந்த பாத்திரத்தைத் தொட்டவர் போலக் கையை உதறினார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. அத்தை மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் அது என் சகலையின் வேன்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எனக்குக் கும்பகோணம். கோயில் பக்கத்துச் சந்து ஒன்றில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறேன். பெண் எடுத்தது பாளையங்கோட்டையில். மாமனார் போன பிறகு அத்தை தன் சின்ன மகள் உமா வீட்டில் இருக்கிறார். உமாவின் கணவர் சங்கரலிங்கம் அதே ஊரில் வீடு கட்டித் தரும் கான்ட்ராக்டர். வயதில் என்னைவிடச் சின்னவர், உயரத்தில் பெரியவர், தலைமுடி முழுசாக இருக்கிறது. அவர் எங்கிருந்தோ ஒரு பழைய கேம்பர் வேனை வாங்கி, அதில் அத்தையை நவகயிலாயம் கூட்டிக்கொண்டு போகப்போகிறார், நாமும் போகவேண்டும் என்று என் மனைவி மீனா ஒருநாள் சாப்பாட்டின்போது சொன்னாள்.

நவகயிலாயம் என்பது தாமிரபரணிக் கரையில், பாபநாசத்தில் தொடங்கிக் கடலுக்குப் பக்கம் வரை இருக்கும் ஒன்பது சிவன் கோயில்கள். பஸ்ஸில் போகிறவர்கள் ஒரே நாளில் ஓடி ஓடி முடித்துவிடுவார்கள். அத்தைக்கு முழங்கால் வலி, சர்க்கரை வேறு. வேனிலேயே படுத்து எழுந்து, ஆற்றோடு கூடவே பைய இறங்கிப் போகலாம் என்பது சகலையின் திட்டம். இந்த யோசனை உங்களுக்கு ஏன் வரவில்லை என்று மீனா கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

ரயில் கோவில்பட்டியைத் தாண்டியதும் மீனாவின் பேச்சு மாறிவிடும். கும்பகோணத்தில் இத்தனை வருடம் பேசிய தமிழைச் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, "இங்கன வாங்க, பைய இறங்குங்க" என்று ஆரம்பித்துவிடுவாள். ஸ்டேஷன் வாசலில் அந்த வேன் நின்றது. வெள்ளை வண்டி, பக்கவாட்டில் நீலக்கோடு, ஜன்னல்களில் உமா தைத்த திரைச்சீலை. உள்ளே பலகைக் கட்டில், பாத்திரம் கழுவும் தொட்டி, இரண்டு ஃபேன், மூலையில் சின்னதாக ஒரு ஃபிரிட்ஜ்.

"இது அத்தைக்குன்னே போட்டது, அண்ணாச்சி" என்றார் சகலை. "ஊசி மருந்து கெட்டுரக் கூடாதுல்லா."

அத்தை போடுவது இன்சுலின். மருமகன் மாமியாரின் மருந்துக்காக வண்டியில் ஃபிரிட்ஜ் வைக்கிறான். மீனா என்னைப் பார்த்த பார்வையை நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துச் சமாளித்தேன்.

பாபநாசத்தில் முதல் கோயில். கோயிலுக்கு எதிரிலேயே ஆறு. பங்குனி வெயிலில் அவ்வளவு தண்ணீர் ஓடுகிறது. எங்கள் ஊரில் இந்த மாதத்தில் காவிரியில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள், பந்து தொலைந்தால் மணலைத் தோண்டுவார்கள். இங்கே ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று சாவகாசமாகத் தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தார். "இப்ப தண்ணி கம்மி" என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் குறைப்பட்டுக்கொண்டதும் காதில் விழுந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குளித்து எழுந்தபோது உடம்பு அத்தனை சுகமாக இருந்ததுதான் இன்னும் எரிச்சல்.

அன்று மாலை பக்கத்து ஊரான விக்கிரமசிங்கபுரத்துக்குப் போனோம். அங்கே நூல் மில்லில் வேலை பார்க்கும் சகலையின் நண்பர் ஒருவர் வீடு. சகலைக்கு இந்த ஆற்றங்கரை முழுக்க நண்பர், சொந்தம். எந்த ஊரில் வண்டியை நிறுத்தினாலும் யாராவது ஜன்னல் வழியாக ஒயரை நீட்டிக் கரண்ட் கொடுக்கிறார்கள், கூடவே காப்பியும் கொடுக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் போனவர்கள் எல்லாம் இறங்கி வேனைச் சுற்றிப் பார்த்தார்கள். "சினிமாக்காரவுக வண்டி வே" என்றார் ஒருவர். "என் மாமியாருக்கு" என்றார் சகலை. இரண்டு பேர் தலையில் கட்டியிருந்த துண்டை மரியாதையோடு அவிழ்த்தே விட்டார்கள்.

பெண்கள் மூவரும் வேனில் படுத்தார்கள். சகலைக்கும் எனக்கும் வாசலில் கயிற்றுக்கட்டில். கட்டில் குழிந்திருக்கிறது, கொசு கடிக்கிறது, காப்பியில் சிக்கரி தூக்கல் என்று நான் சொன்னதை மீனா காலையில் எல்லோரிடமும் நடித்துக் காட்டினாள். அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். சகலை அதே மாதிரிக் கட்டிலில்தான் படுத்திருந்தார், வாயே திறக்கவில்லை.

இப்போது அந்த விடிகாலை. அத்தைக்கு ஒரு வழக்கம். எங்கே தூங்கி எழுந்தாலும் அது வீடு. வீடென்றால் வாசல் தெளிக்கவேண்டும், கோலம் போடவேண்டும். வேனுக்கும் அதுதான். படிக்குக் கீழே உமா போட்டிருந்த பிளாஸ்டிக் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, ஒரு வாளி தண்ணீரைத் தெளித்து, சின்னதாக ஒரு கோலம் போட்டார். பிறகு அந்த ஈரத்திலேயே நின்று, ஏறுவதற்காகக் கைப்பிடியைப் பிடித்தார். அப்போதுதான் கையை உதறினார்.

நான் எழுந்து போனேன். "என்ன அத்தை?"

"ஒண்ணுமில்ல மாப்பிள்ள. கை லேசா வெறைச்சிட்டு."

நான் கைப்பிடியைத் தொட்டேன். ஒன்றுமில்லை. என் காலில் ரப்பர் செருப்பு. அத்தை இந்த யாத்திரை முடியும்வரை செருப்புப் போடுவதில்லை என்று வேண்டிக்கொண்டிருந்தார். என் சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் இருக்கும், கடைக்காரன் புத்தி. அதைக் கைப்பிடியில் வைத்தேன். மங்கலாக எரிந்தது. ஜன்னலில் இருந்து வரும் ஒயரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி வைத்தேன். எரியவில்லை. வீட்டுக் கரண்ட் எங்கோ கசிந்து வண்டியின் தகரத்தில் ஏறுகிறது என்று அர்த்தம்.

வேன் நிற்பது ரப்பர் டயரில். தகரத்தில் ஏறிய மின்சாரத்துக்கு மண்ணில் இறங்க வழியில்லை. உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பாயின் மேல் செருப்போடு நின்று ஏறுகிறவர்களுக்கும் தெரியாது. வெறுங்காலோடு ஈரமண்ணில் நின்று கைப்பிடியைப் பிடிக்கிறவர் எவரோ, அவர் உடம்புதான் அதற்கு வழி. எங்கள் ஐந்து பேரில் அப்படி நின்றது அத்தை ஒருவர்தான்.

"இது எத்தனை நாளா?" என்றேன்.

"பாளையங்கோட்டையில வண்டி வாசல்ல நிக்கும்போதே ரெண்டு மூணு தடவ சுள்ளுன்னுச்சு. நீங்க சின்ன மாப்பிள்ளட்ட சொல்லிராதீக. ஆசையா செஞ்சிருக்காக. மனசு சங்கடப்படுவாக."

"என்கிட்ட மட்டும் சொல்றீங்களே?"

"உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன மாப்பிள்ள? நீங்க ஒண்ணும் நினைக்க மாட்டீக."

அந்தக் குளுகுளுப்பு அத்தோடு போயிற்று. சங்கடப்படுவதற்குத் தகுதியுள்ள மனசு சகலைக்குத்தான் இருக்கிறது, எனக்கு இல்லை. போதாக்குறைக்கு, சகலையின் வண்டியில் கோளாறு இருக்கிறது என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வாய்த்த ஒரே சந்தர்ப்பத்தையும் அத்தை சத்தியம் வாங்கிக்கொண்டு பறித்துவிட்டார். செருப்பாவது போடுங்கள் என்றேன், வேண்டுதல் என்றார். கோலத்தையாவது விடுங்கள் என்றேன். "கோலம் போடாத வாசல்ல எப்படி ஏறுவேன்?" என்றார்.

அன்று சேரன்மாதேவிக்குப் போனோம். கோயிலிலிருந்து திரும்பி வந்தபோது வேன் வாசலில் நாலைந்து பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இலவசக் கண் பரிசோதனை வண்டி என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். வேறு யாராக இருந்தாலும் விரட்டியிருப்பார்கள். சகலை எல்லோருக்கும் மோர் கொடுத்து, ஒருவருடைய கண்ணாடியை வாங்கித் துடைத்தும் கொடுத்தார். "இப்ப நல்லா தெரியுது தம்பி" என்று அந்த மனிதர் வாழ்த்திவிட்டுப் போனார்.

அந்தச் சந்தடியில் நான் என் வேலையைப் பார்த்தேன். வேனுக்குக் கரண்ட் வரும் ஒயரைப் பிடுங்காமல் விட்டுவிட்டு, வண்டியைச் சுற்றிப் பார்ப்பவன் போல ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தேன், அணைத்துவிட்டு வெளியே வந்து டெஸ்டரை வைத்தேன். ஃபேனை அணைத்தாலும் எரிந்தது. விளக்கை அணைத்தாலும் எரிந்தது. ஃபிரிட்ஜை அணைத்ததும் நின்றுவிட்டது. அத்தைக்கென்றே போட்ட அதே ஃபிரிட்ஜ்.

வெளி ஒயர் வந்து சேரும் பெட்டியையும் திறந்து பார்த்தேன். உள்ளே பச்சை ஒயர், எர்த் ஒயர், வெட்டி இன்சுலேஷன் டேப் சுற்றி ஓரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. தானாக அறுந்ததில்லை. யாரோ வேண்டுமென்றே செய்தது. எர்த் இருந்திருந்தால் கசிவு அதன் வழியாக மண்ணுக்குப் போயிருக்கும், அத்தையின் கைக்கு வந்திருக்காது. பெட்டியை மூடினேன். அத்தை மோர் ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார், உதட்டில் விரல் வைக்காத குறைதான்.

ஃபிரிட்ஜை நிறுத்தினால் மருந்து கெடும், நிறுத்தாவிட்டால் ஷாக் அடிக்கும். சொன்னால் வாக்குத் தவறும். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அத்தை வாசல் தெளிக்க எழுவதற்கு முன்னால் எழுந்து, திருடனைப் போலப் போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிடுவது, அவர் கோலம் போட்டு ஏறியதும் மறுபடி சொருகிவிடுவது. கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு என்று கோயில்களைப் பார்த்துக்கொண்டே போனோம், காலைதோறும் அத்தைக்கு மட்டும் தெரிந்து இது நடந்தது. என் ஊரில் கடை திறக்கக்கூட நான் அவ்வளவு சீக்கிரம் எழுந்ததில்லை.

முறப்பநாட்டில் அத்தை மணக்க மணக்க உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் செய்தார். அதைச் சாப்பிட்டவன் பொறாமைப்படவே முடியாது, ஆனாலும் நான் பட்டேன். "சின்ன மாப்பிள்ளைக்குத் தேங்காய் தூக்கலா இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அவர் சோறு வைத்ததுதான் காரணம். எனக்கும் தேங்காய் தூக்கலாக இருந்தால் பிடிக்கும், யாரும் கேட்டதில்லை.

ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டேன். சகலைக்கு ஒன்றுவிட்ட சித்தி வீடு. வழக்கம்போலப் போய்ப் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினேன், பின்னால் சகலை நின்றுகொண்டிருந்தார். மேலே துண்டு, கையில் பல்துலக்கும் பிரஷ்.

"அண்ணாச்சி, என்ன செய்யுதீங்க?"

நான் பிளக்கை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"ரெண்டு நாளா காலையில ஃபிரிட்ஜுல லைட்டு எரியல. நான் என் வண்டியத்தான் சந்தேகப்பட்டேன்" என்றார். குரல் உயரவில்லை. "உங்களுக்கு இந்த வண்டி பிடிக்கலன்னு தெரியும். அதுக்காக இதச் செய்வீங்களா? உள்ள அத்தை மருந்து இருக்கு."

பொறாமைக்காரன் என்று அவர் சொல்லாமல் சொன்னது உண்மை, அதனால்தான் பிடுங்கினேன் என்று நினைத்தது பொய். இரண்டையும் ஒரே மூச்சில் எப்படிப் பிரித்துச் சொல்வது? வாக்காவது மண்ணாவது என்று கொட்டிவிட்டேன். "உங்க வண்டி அத்தைக்கு ஷாக் அடிக்குது. தினமும். நான் பிளக்கைப் பிடுங்குறது அதுக்குத்தான்."

அவர் கையிலிருந்த பிரஷைத் தாழ்த்தினார். "அத்தைக்கா? என்கிட்ட சொல்லலையே."

"உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு சொல்லல."

"உங்ககிட்ட சொன்னாங்களா?"

"ம்."

அவர் பிரஷைத் துண்டில் துடைத்து மடியில் செருகிக்கொண்டார். பிறகு எர்த் ஒயர் விஷயத்தைக் கேட்டேன். அவர்தான் வெட்டியிருக்கிறார். கொஞ்ச நாள் முன்பு அண்ணன்முறை உள்ள ஒருவர் வீட்டில் வேனுக்குக் கரண்ட் எடுத்ததும் அந்த வீட்டில், கரண்ட் கசிந்தால் தானாக அணையும் டிரிப்பர் சுவிட்ச் விழுந்துவிட்டது. அவர் மனைவி மறுநாள் விசேஷத்துக்கு மாவரைத்துக்கொண்டிருந்தாராம். கிரைண்டர் நின்றது. சுவிட்சைத் தூக்கிவிட்டால் மறுபடி விழுந்தது. "விருந்துக்குப் போன வீட்ட இருட்டாக்கிட்டு நிக்கலாமா, அண்ணாச்சி? அசிங்கமா போச்சு. எர்த்த எடுத்துட்டா விழாதுன்னு ஒருத்தன் சொன்னான். விழல."

விழாதுதான். தீப்பிடித்திருக்கிறது என்று கத்துகிறவன் வாயைப் பொத்தினால் சத்தம் நின்றுவிடும். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. இத்தனை நாள் சொல்லக் காத்திருந்தேன், ஆனால் அவர் முகத்தைப் பார்த்த பிறகு வரவில்லை.

மருந்தைச் சித்தி வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தோம். பெண்களைக் கைலாசநாதர் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, இருவரும் வேன் ஃபிரிட்ஜை முன்னால் இழுத்தோம். அதன் ஒயர் பின்பக்கத் தகரத்தில் போட்ட ஒரு ஓட்டை வழியாகப் போகிறது. ஓட்டையைச் சுற்றி ரப்பர் வளையம் இல்லை. ஓடும் வண்டியில் தகரத்தின் விளிம்பு ஒயரை நாள்தோறும் அரைத்திருக்கிறது. மேல் உறை போய், உள் உறையும் போய், செம்பு ஒரு கோடாகத் தெரிந்தது. ஈரமும் அழுக்கும் சேர்ந்து அதன் வழியாகத்தான் கசிந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் செம்பே நேராகத் தகரத்தைத் தொட்டிருக்கும். அதற்குப் பிறகு அத்தை கையை உதறியிருக்க முடியாது.

சகலை அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "அத்தைக்காகப் போட்டது, அண்ணாச்சி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. இந்தக் கோளாறு இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான். இவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேனா? அதை நினைக்கப் பயமாக இருந்தது.

கடைத்தெருவில் ஒரு எலக்ட்ரிக் கடைக்குப் போனோம். சின்ன ஊர், காலை நேரம், கவுண்டரில் இடமில்லாமல் கூட்டம். என் கடையில் அந்த நேரத்தில் நானும் ஃபேனும்தான் இருப்போம். "அண்ணாச்சிக்கு என்ன வேணும்?" என்று கடைக்காரர் என்னைத்தான் கேட்டார், சகலையை இல்லை. அதில் ஒரு சின்னத் திருப்தி. புது ஒயர், ரப்பர் வளையம், வேனுக்கென்று தனியாக ஒரு டிரிப்பர் வாங்கினோம். பழைய ஒயரை முழுக்கக் கழற்றி எறிந்து, புதியதை வளையம் போட்டு இழுத்து, எர்த்தைச் சேர்த்தேன். சகலை டார்ச் பிடித்தார். அவர் கையில் எது கொடுத்தாலும் அழகாகப் பிடிக்கிறார். சித்தி வீட்டுப் பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பல்பு வைத்துப் பார்த்துவிட்டுச் சொருகினேன். வேனின் டிரிப்பர் விழவில்லை, சித்தி வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

இடையில் இரண்டு கோயில்களை முடித்தோம், கடைசிக் கோயில் சேர்ந்தபூமங்கலம். ஆறு கடலில் சேரும் இடம் பக்கம்தான், காற்றில் உப்பு ஏறியிருந்தது. அங்கே ஒரு ரிடையர்டு வாத்தியார் வீட்டு வாசலில் வேனை நிறுத்தினோம். அவர் வீட்டு எர்த்தையும் பல்பு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒயரை வாங்கினேன்.

விடிந்தபோது நான் பிளக்கைப் பிடுங்கப் போகவில்லை. படுக்கையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை பாயைச் சுருட்டினார், தெளித்தார், கோலம் போட்டார். கடைசி நாள் என்பதால் கோலம் பெரிது. முடித்துவிட்டுத் திரும்பியவர் ஜன்னலிலிருந்து தொங்கும் ஒயரைப் பார்த்தார். பிளக் சொருகியிருக்கிறது. என் கட்டிலைப் பார்த்தார். நான் எழுந்து வந்தேன், சகலையும் வந்தார்.

"சொல்லிட்டீகளா?" என்றார் அத்தை, என்னிடம்.

நான் தலையை ஆட்டினேன். சகலை முந்திக்கொண்டார். "எல்லாம் சரி பண்ணியாச்சு அத்தை. இனிமே பயமே இல்ல. இந்தா பாருங்க." செருப்பை உதறிவிட்டு, ஈரக் கோலத்தின் நடுவில் வெறுங்காலோடு நின்று, கைப்பிடியை இறுகப் பிடித்தார். சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு ஒரு குறையும் சொல்லமுடியாது. ஷாக் வாங்குவதில்கூட இவர்தான் முதல் ஆள் என்று எனக்கு வயிறு எரிந்தது.

அத்தை நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கோலமாவு டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க தொடுங்க மாப்பிள்ள" என்றார் என்னைப் பார்த்து.

"அதான் நான் தொட்டுட்டனே, அத்தை" என்றார் சகலை.

"நீங்க ஷாக் அடிச்சாலும் அடிக்கலன்னுதான் சொல்லுவீக" என்றார் அத்தை, பரிவாகத்தான். "எனக்குத் தெரியாதா? அவுகளுக்கு ஒரு எறும்பு கடிச்சாலும் ஊருக்கே கேக்கும். அவுக தொடட்டும்."

நான் செருப்பைக் கழற்றினேன். கோலத்தை மிதிக்காமல் ஓரத்து ஈரத்தில் நின்று கைப்பிடியைப் பிடித்தேன். குளிர்ந்த தகரம், வேறு ஒன்றும் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அதுவே அத்தைக்குப் போதுமாக இருந்தது. அவர் வந்து, என் கைக்குப் பக்கத்திலேயே கைப்பிடியைப் பிடித்து, பைய ஏறி உள்ளே போனார்.

சகலை இன்னும் கோலத்தின் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தார், சிரிப்பு போய்விட்டது. அவர் என் கையையும் கைப்பிடியையும் மாறி மாறிப் பார்த்த முகத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை, கும்பகோணத்தில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் தவிர.